எந்த அளவுகோலால் அளப்பது? சிறு தீவு நாடுகளின் நலிவும் நீடித்த வளர்ச்சியும்

2004 டிசம்பர் 20 அன்று ஐ.நா. பொதுச்சபை மாலத்தீவைப் பற்றி ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. தனிநபர் வருமானம் உயர்ந்துவிட்டது, கல்வியும் சுகாதாரமும் மேம்பட்டுவிட்டன, ஆகவே மிகப் பின்தங்கிய நாடுகளின் பட்டியலிலிருந்து மாலத்தீவை விடுவிக்கலாம் என்றது அந்தத் தீர்மானம். ஆறு நாள் கழித்து ஆழிப்பேரலை வந்தது. மக்கள் வாழும் ஏறத்தாழ 200 தீவுகளில் வெள்ளத்துக்குத் தப்பியவை ஒன்பதுதான். நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் அல்லது காணாமற்போனார்கள். பொருள் இழப்பு நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ 62 விழுக்காடு என்று கணக்கிட்டார்கள். பட்டியலிலிருந்து விடுவிக்கும் வேலையை ஐ.நா. தள்ளிவைத்தது, 2011இல்தான் அது முடிந்தது. ஒரு நாடு எழுந்து நின்றுவிட்டது என்று எதை வைத்து முடிவுசெய்வது என்ற கேள்வி மட்டும் அப்படியே நின்றது.

அதே அலைதான் நம் கடற்கரையிலும் ஏறியது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டார்கள். உயிரிழப்பில் மாலத்தீவைவிட நம் துயரம் பல மடங்கு பெரிது. ஆனால் அக்கரைப்பேட்டைக்கும் கீச்சாங்குப்பத்துக்கும் உள்மாவட்டங்களிலிருந்து லாரிகள் வந்தன. அரிசி வந்தது, மருத்துவர்கள் வந்தார்கள். சென்னையில் ஓர் அரசு, தில்லியில் ஓர் அரசு, இரண்டின் கருவூலங்களும் தண்ணீர் படாமல் இருந்தன. அடிபட்ட ஊரைத் தாங்கிப்பிடிக்க அடிபடாத ஊர்கள் நாட்டுக்குள்ளேயே இருந்தன. சிறு தீவு நாட்டுக்கு அந்தப் பின்புலம் கிடையாது. ஒரே அடியில் துறைமுகம், விமான நிலையம், மருத்துவமனை, வரி கட்டும் தொழில், வரி வாங்கும் அலுவலகம் எல்லாம் விழும். தீவு நாடுகளின் நலிவு என்று பேசும்போது முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது இதைத்தான்.

சிறு தீவு வளரும் நாடுகள் என்று ஐ.நா. வகைப்படுத்தியவை 39. கரீபியனிலும் பசிபிக்கிலும் இந்தியப் பெருங்கடலிலும் ஆப்பிரிக்கக் கரையோரத்திலும் சிதறிக் கிடக்கும் இவற்றின் மக்கள்தொகையை எல்லாம் கூட்டினால் ஏறத்தாழ ஆறரைக் கோடி, தமிழ்நாட்டைவிடக் குறைவு. உலகின் பசுங்குடில் வாயுக்களில் இவற்றின் பங்கு ஒரு விழுக்காட்டுக்கும் கீழே. பட்டியல் ஒருசீரானதன்று. சிங்கப்பூரும் அதில் உண்டு, ஹெய்ட்டியும் உண்டு. கயானா, சுரினாம், பெலிஸ் மூன்றும் தீவுகளே அல்ல. கடலோரத் தாழ்நிலம் என்பதால் சேர்ந்தவை. 1992இல் ரியோ புவி மாநாடு இந்நாடுகளைத் தனிக்கவனம் வேண்டியவை என்று ஏற்றது. 1994இல் பார்படோஸ், 2005இல் மொரிஷியஸ், 2014இல் சமோவா, 2024இல் ஆன்டிகுவா என்று பத்தாண்டுக்கு ஒரு மாநாடும் ஒரு செயல்திட்டமும் வந்திருக்கின்றன. அந்த ஆவணங்களில் குறைசொல்ல அதிகமில்லை. அவற்றைச் செயல்படுத்தத் தேவையான பணம் எந்த வழியில் வரும் என்பதைத்தான் யாரும் உறுதியாக எழுதிவைக்கவில்லை.

இந்த நலிவை முதலில் எண்களால் அளக்க முயன்றவர்களில் முக்கியமானவர் மால்டா பல்கலைக்கழகப் பொருளியலாளர் லினோ பிரிகுலியோ. 1995இல் வெளியான கட்டுரையில் அவர் சொன்னதன் சாரம் இது: சின்ன நாடு எதையெடுத்தாலும் வெளியே விற்று, வெளியே வாங்கித்தான் பிழைக்க வேண்டும்; விற்கும் பொருள் ஒன்றிரண்டுதான்; தொலைவும் சிறு சரக்கும் கப்பல் கூலியை ஏற்றிவிடும்; இயற்கைச் சீற்றம் வந்தால் நாடு முழுவதும் படும். இத்தனையும் உள்ள ஒரு நாடு தனிநபர் வருமானத்தில் உயரமாக நிற்கலாம். சிங்கப்பூர் அப்படித்தான் நிற்கிறது. ஆகவே வருமானத்தையும் நலிவையும் தனித்தனியே அளக்க வேண்டும் என்பது அவர் முடிவு. பின்னால் இதோடு தாங்குதிறன் என்ற மூன்றாவது அளவையும் சேர்த்தார்: நலிவு பிறப்பில் வரலாம், தாங்குதிறனைக் கொள்கையால் வளர்க்க முடியும்.

அந்தக் கடைசி வாக்கியத்தை அப்படியே ஏற்பதற்கு முன், நலிவு முழுக்கப் பிறப்பில் வந்ததுதானா என்று கேட்க வேண்டும். ஒரே பொருளை விற்றுப் பிழைக்கும் நிலை பல தீவுகளுக்கு அயலார் ஏற்படுத்திக் கொடுத்தது. மொரிஷியஸைக் கரும்புக்காட்டாக மாற்றியது ஐரோப்பிய ஆட்சி. அதில் வேலைசெய்ய 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்ட இந்தியர்களில் தமிழர்களும் இருந்தார்கள். 1960களில் அந்நாட்டின் ஏற்றுமதி வருவாய் ஏறத்தாழ முழுவதும் சர்க்கரைதான். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஜேம்ஸ் மீட், 1961இல் அந்தத் தீவை ஆராய்ந்துவிட்டு, பெருகும் மக்கள்தொகையும் ஒற்றைப் பயிரும் சேர்ந்து நாட்டை வறுமையில் ஆழ்த்தும் என்று அஞ்சினார். அதற்கு முந்தைய ஆண்டுதான் கரோல் புயல் தீவைச் சிதைத்திருந்தது.

நடந்தது வேறு. ஐரோப்பியச் சந்தை 1975 உடன்படிக்கையின்படி மொரிஷியஸ் சர்க்கரைக்கு உத்தரவாத விலை கொடுத்தது. வந்த பணம் 1970இல் தொடங்கிய ஏற்றுமதி மண்டலத்தின் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் சுற்றுலாவுக்கும் போனது. 1977 முதல் உயர்நிலைப் பள்ளிக் கல்வி இலவசமானது. ஐரோப்பிய ஒன்றியம் 2006 முதல் சர்க்கரை விலையை 36 விழுக்காடு குறைத்து, 2009இல் அந்த உடன்படிக்கையையே முடித்துக்கொண்டபோது, நாடு விழாமல் நின்றது. கரும்புச் சக்கையை எரித்து மின்சாரம் எடுத்தார்கள். நிதிச் சேவை வளர்ந்தது. 2020 ஜூலையில் உலக வங்கி மொரிஷியஸை உயர்வருமான நாடு என்று அறிவித்தது. அதே மாதம் 25ஆம் தேதி வகாஷியோ என்ற சரக்குக் கப்பல் தென்கிழக்குப் பவளப்பாறையில் மோதி, பின்பு ஏறத்தாழ 1,000 டன் எண்ணெயைக் கடலில் கொட்டியது. மக்கள் கரும்புத்தோகையைத் துணிக்குள் திணித்துத் தைத்து மிதவைத் தடுப்புகள் செய்தார்கள். கொரோனாவில் சுற்றுலாவும் நின்றிருந்த நேரம். அடுத்த ஆண்டே நாடு உயர்வருமானப் பட்டியலிலிருந்து இறங்கியது. மொரிஷியஸின் சாதனையை நான் பெரிதாக மதிக்கிறேன். அந்தச் சாதனைக்கும் அடியில் தரை எவ்வளவு மெல்லியது என்பதையும் அதே ஆண்டு காட்டிவிட்டது.

எதிர்ப்பக்கத்தில் நவ்ரு. 21 சதுர கிலோமீட்டர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் அயலார் அங்கே பாஸ்பேட் தோண்டி, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வயல்களுக்கு உரமாக அனுப்பினார்கள். 1968இல் விடுதலை. அதன்பின் சில ஆண்டுகள் தனிநபர் வருமானத்தில் உலகின் முன்வரிசையில் இருந்தது. சுரங்கம் தீர்ந்தது, சேமித்த நிதியைத் தவறான முதலீடுகளில் இழந்தார்கள், தீவின் நடுப்பகுதி பயிருக்கும் வீட்டுக்கும் ஆகாத சுண்ணாம்புத் தூண்களாக நிற்கிறது. நிலத்தைப் பாழாக்கியதற்காக நவ்ரு 1989இல் ஆஸ்திரேலியா மீது பன்னாட்டு நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. 1993இல் இழப்பீட்டோடு சமரசம் ஆனது. நவ்ருவின் கதையை ஊதாரித்தனத்தின் கதையாக மட்டும் சொல்பவர்கள் அந்த வழக்கை மறந்துவிடுகிறார்கள்.

பவளத் தீவுகளுக்கு வருவோம். கடல் உயர்ந்தால் இவை மூழ்கிவிடும் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படுவது. 1987 ஏப்ரலில் பேரலைகள் மாலத்தீவின் தலைநகர் மாலேவுக்குள் புகுந்தபின், அதிபர் மமூன் அப்துல் கயூம் அதே ஆண்டு ஐ.நா. பொதுச்சபையில் இதைப் பேசினார். 1989இல் மாலேயில் சிறுநாடுகள் கூடின. 1990இல் சிறு தீவு நாடுகளின் கூட்டணி பிறந்தது. மாலத்தீவின் நிலத்தில் 80 விழுக்காடு கடல்மட்டத்துக்கு ஒரு மீட்டருக்குள் இருக்கிறது. ஆகவே அச்சம் நியாயமானது. ஆனால் அறிவியல் இன்னும் நுட்பமாகப் பேசுகிறது. பால் கெஞ்ச் குழுவினர் துவாலுவின் 101 தீவுகளின் படங்களை ஒப்பிட்டு, 1971 முதல் 2014 வரை மொத்த நிலப்பரப்பு 2.9 விழுக்காடு கூடியிருக்கிறது என்று 2018இல் எழுதினார்கள். பவளம் நொறுங்கி மணலாகி, அலை அதைக் கரையில் சேர்க்கிறது. பாறை உயிரோடு இருக்கும்வரை தீவு தன்னைத் தானே கட்டிக்கொள்ளும். அதே ஆண்டு கர்ட் ஸ்டோர்லாசி குழுவினர் மார்ஷல் தீவுகளை ஆராய்ந்து, நிலம் இருந்தாலும் இந்த நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் பல பவளத் தீவுகளில் குடிநீர் இருக்காது என்றார்கள்.

இரண்டும் முரண்பட்டவை போலத் தெரியும்; முரண்பாடு இல்லை. பவளத் தீவின் அடியில் மழைநீர், உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், கோட்பாட்டளவில் அதற்குக் கீழே நாற்பது அடி நன்னீர் நிற்கும். மேலே கொஞ்சம் குறைந்தாலும் கீழே மிக வேகமாகக் குறையும். ஆண்டுக்கு ஒருமுறை அலை தீவைத் தாண்டி அடித்தால், உப்பு வடிவதற்குள் அடுத்த அலை வந்துவிடும். தீவு கண்ணுக்குத் தெரியும். அதில் ஆள் இருக்க முடியாது. மாலே நகரில் நிலத்தடி நீர் நெடுங்காலத்துக்கு முன்பே கெட்டுவிட்டது. 2014 டிசம்பரில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் தீப்பற்றியபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் குழாயில் தண்ணீர் இல்லை. இந்தியா விமானத்திலும் கடற்படைக் கப்பலிலும் தண்ணீர் அனுப்பியது.

மாலத்தீவின் உணவும் வெளியிலிருந்துதான் வருகிறது. தூத்துக்குடித் தோணிகள் தலைமுறை தலைமுறையாக மாலேவுக்குக் காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றிச் செல்கின்றன. மாலத்தீவிலிருந்து வரும் உறவின் அடையாளமாக ஈழத்துச் சமையலறையில் மாசிக் கருவாடு இருக்கிறது. மீனும் தென்னையும் தவிர உள்ளூரில் விளைவது சொற்பம். பசிபிக் தீவுகளிலும் இதே நிலை: கிழங்கும் மீனும் தின்ற மக்கள் இறக்குமதி அரிசிக்கும் மாவுக்கும் டப்பா இறைச்சிக்கும் மாறினார்கள், நீரிழிவிலும் உடற்பருமனிலும் உலகின் முதல் வரிசையில் இப்போது அவர்கள் நிற்கிறார்கள். டீசலும் வெளியிலிருந்துதான் வருகிறது. சுற்றுலாவை மட்டும் நம்பியதன் விலை 2020இல் தெரிந்தது: மாலத்தீவின் மொத்த உற்பத்தி ஒரே ஆண்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சுருங்கியது.

பிழைக்கும் வழிகளே நலிவைக் கூட்டுவதும் உண்டு. இடநெருக்கடிக்கு மாலத்தீவு கண்ட தீர்வு கடலை நிரப்பி நிலம் எடுப்பது. 1997இல் தொடங்கிய ஹுல்ஹுமாலே இன்று பெருநகரம். அதை உயரமாகக் கட்டியது நல்ல முடிவு என்றே நினைக்கிறேன். ஆனால் காயலின் அடியிலிருந்து மணலை உறிஞ்சி எடுக்கும்போது பவளம் சேற்றில் மூடிச் சாகிறது. பாறை செத்தால் தீவுக்கு மணல் தருவது யார்? கெஞ்ச் குழுவினர் கண்ட அந்த இயற்கைப் பாதுகாப்பை மனிதர்களே நிறுத்திவிடுகிறார்கள். தெற்கே அட்டு பவளத்தீவில் இந்தியக் கடனில் நடந்த நிலமீட்பு குறித்தும் சூழலியலாளர்கள் இதே கவலையைச் சொன்னார்கள்.

கரீபியனில் பிரச்சினையின் பெயர் கடன். 2004 செப்டம்பரில் இவான் சூறாவளி கிரெனடாவைத் தாக்கியது. இழப்பு ஓராண்டு உற்பத்தியைப் போல் இரு மடங்கு. கிரெனடா சாதிக்காய்க்குப் பேர்போன தீவு. மரங்களில் பெரும்பகுதி சாய்ந்தது. சாதிக்காய் மரம் காய்க்கவே ஆறேழு ஆண்டு ஆகும். அடுத்த ஆண்டே எமிலி என்ற இன்னொரு சூறாவளி. வீடும் சாலையும் கட்டக் கடன். முந்தைய கடனைக் கட்ட முடியாமல் கடன் மறுசீரமைப்பு. அது போதாமல் 2013இல் மீண்டும் தவணை தவறியது. டொமினிக்காவை 2017 செப்டம்பர் 18 இரவு மரியா சூறாவளி அடித்தபோது இழப்பு மொத்த உற்பத்தியில் 226 விழுக்காடு. பிரதமரின் வீட்டுக் கூரையே பறந்தது. அதே மாதம் இர்மா சூறாவளிக்குப்பின் பார்புடா தீவிலிருந்து எல்லா மக்களையும் வெளியேற்றினார்கள்.

இந்த இடத்தில்தான் அளவுகோலின் அநீதி பளிச்சென்று தெரிகிறது. குறைந்த வட்டிக் கடனும் வளர்ச்சி உதவியும் பெரும்பாலும் தனிநபர் வருமானத்தைப் பார்த்துத் தரப்படுபவை. சில சுற்றுலா விடுதிகளும் வங்கிகளும் உள்ள சின்னத் தீவில் சராசரி வருமானம் எளிதில் உயர்ந்துவிடும். பார்படோஸ் 2011இல் வளர்ச்சி உதவிக்குத் தகுதியான நாடுகளின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது, செஷல்ஸ் 2018இல், ஆன்டிகுவா 2022இல். சூறாவளி வந்தால் இவர்கள் சந்தை வட்டிக்குக் கடன் வாங்கித்தான் கூரை போட வேண்டும். உலக வங்கி 1985 முதலே சிறு தீவுகளுக்கு ஒரு விதிவிலக்கு வைத்திருக்கிறது. வருமான வரம்பைத் தாண்டிய சில தீவுகளும் சலுகைக் கடன் பெற அது வழிசெய்கிறது. விதி தவறு என்பதற்கு வங்கியே கொடுத்த சான்றாகத்தான் அதை நான் பார்க்கிறேன்.

மாற்று அளவுகோல் வேண்டும் என்று 1994 பார்படோஸ் மாநாடே கேட்டது. முப்பதாண்டு கழித்து, 2024 ஆகஸ்டில், பல்பரிமாண நலிவுக் குறியீடு ஒன்றை ஐ.நா. பொதுச்சபை ஏற்றது. ஆன்டிகுவா பிரதமர் காஸ்டன் பிரவுனும் நார்வேயின் முன்னாள் பிரதமர் எர்னா சோல்பெர்க்கும் தலைமையேற்ற குழு அதை வடிவமைத்தது. பொருளாதாரம், சுற்றுச்சூழல், சமூகம் மூன்றிலும் நாட்டின் நலிவையும் தாங்குதிறன் குறைவையும் 26 குறியீடுகளால் அது அளக்கிறது. குறை ஒன்றுதான், ஆனால் பெரியது: அதைப் பயன்படுத்துவது கடன் தருபவரின் விருப்பம்.

இதற்கிடையில் தீவு நாடுகள் கைகட்டி நிற்கவில்லை. கிரெனடா 2015இல் கடனை மறுசீரமைத்தபோது ஒரு விதியைச் சேர்த்தது: குறித்த அளவுக்கு மேல் சூறாவளி அடித்தால் தவணை தானாகத் தள்ளிப்போகும். 2024 ஜூலை 1 அன்று பெரில் சூறாவளி கேரியக்கூ தீவைத் தரைமட்டமாக்கியபோது அந்த விதியைப் பயன்படுத்தி, தவணைப் பணத்தை நிவாரணத்துக்குத் திருப்பியது. பார்படோஸ் பிரதமர் மியா மோட்லி 2022இல் முன்வைத்த பிரிட்ஜ்டவுன் திட்டத்தின் மையக் கோரிக்கைகளில் இதுவும் ஒன்று. பிரிட்டனின் ஏற்றுமதிக் கடன் நிறுவனமும் 2023 முதல் உலக வங்கியும் இத்தகைய விதியை ஏற்கத் தொடங்கியிருக்கின்றன. இந்தத் துறையில் நான் பார்த்த ஏற்பாடுகளில் மிக எளியது, மிகப் பயனுள்ளது இதுதான்.

கடலைச் சொத்தாகப் பார்க்கும் முயற்சிகளும் உண்டு. கிரிபாத்திக்கு நிலம் 811 சதுர கிலோமீட்டர். உரிமையுள்ள கடலோ ஏறத்தாழ 34 லட்சம் சதுர கிலோமீட்டர், இந்தியாவின் நிலப்பரப்பைவிடப் பெரிது. அங்கே சூரை மீன் பிடிக்கும் அயல்நாட்டுக் கப்பல்கள் முன்பு சொற்பக் கட்டணமே கொடுத்தன. 1982இல் உருவான நவ்ரு உடன்படிக்கையில் உள்ள எட்டு பசிபிக் நாடுகள், பின்னர் மீன்பிடி நாள்களை எண்ணி விலைக்கு விற்கும் முறையைக் கொண்டுவந்தன. 2010இல் ஏறத்தாழ 6 கோடி டாலராக இருந்த உரிம வருவாய் சில ஆண்டுகளில் 50 கோடி டாலரை எட்டியது. ஒன்றுபட்டுப் பேரம் பேசியதன் பலன் இது. செஷல்ஸ் தன் கடனில் ஒரு பகுதியைக் கடல் பாதுகாப்புக்கு ஈடாக மாற்றிக்கொண்டு, 2020க்குள் தன் கடற்பரப்பில் 30 விழுக்காட்டைக் காப்புப் பகுதியாக அறிவித்தது. தொகை சிறியது, 2.16 கோடி டாலர். சூடேறும் கடலில் சூரைக் கூட்டம் கிழக்கே நகர்ந்து இந்நாடுகளின் எல்லையைத் தாண்டிவிடும் என்ற கணிப்பும் இருக்கிறது. அப்போது அந்த உரிம வருவாய் யாருடையது என்பதைப் பற்றி இன்னும் ஒப்பந்தம் இல்லை.

சட்டமும் மெல்ல அவர்கள் பக்கம் திரும்புகிறது. கடல் உயர்வால் வரும் இழப்பைப் பணக்கார நாடுகள் ஏற்க வேண்டும் என்று 1991இல் வனுவாட்டு சிறு தீவுகளின் சார்பில் கேட்டது. இழப்பு நிதி 2022இல்தான் உருவானது. அதற்கு உறுதியளிக்கப்பட்ட தொகை இன்றும் தேவையின் முன் மிகச் சிறியது. 2019இல் பசிபிக் மாணவர்கள் தொடங்கி வைத்த முயற்சியை வனுவாட்டு ஐ.நா.வுக்குக் கொண்டுபோக, 2025 ஜூலை 23 அன்று பன்னாட்டு நீதிமன்றம் கருத்துரை வழங்கியது: காலநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை; தவறினால் அது பன்னாட்டுச் சட்டத்தை மீறிய செயலாகும். நிலம் போனாலும் நாடு இல்லாமல் போய்விடாது என்ற நிலைப்பாட்டுக்கும் அது இடம் கொடுத்தது. துவாலு 2023இலேயே அதைத் தன் அரசியலமைப்பில் எழுதிவிட்டது. அதே துவாலு ஆஸ்திரேலியாவோடு செய்த ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 280 பேர் அங்கே குடியேறலாம். 2025இல் முதல் குலுக்கலுக்கு நாட்டு மக்களில் 80 விழுக்காட்டுக்கும் மேல் பெயர் கொடுத்தார்கள். போக வழி வைத்துக்கொள்வது வேறு, போக விரும்புவது வேறு என்பதை அந்த எண்ணை மேற்கோள் காட்டுபவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

இதில் இந்தியாவுக்கு நேரடிப் பங்கு உண்டு. 2025 ஜூலையில் மாலத்தீவுக்கு 4,850 கோடி ரூபாய்க் கடன் வசதியை அறிவித்தோம். மொரிஷியஸுக்கும் செஷல்ஸுக்கும் கடன் தருகிறோம். தீவு நாடுகளின் உள்கட்டமைப்பைப் பேரிடர் தாங்குமாறு அமைக்கும் திட்டம் ஒன்றை 2021இல் கிளாஸ்கோவில் நாமே முன்னின்று தொடங்கினோம். அந்தப் பேச்சுக்குப் பொருள் இருக்க வேண்டுமானால், நாம் தீவுகளுக்குத் தரும் ஒவ்வொரு கடன் பத்திரத்திலும் பேரிடர்க் காலத்தில் தவணை நிற்கும் என்ற விதி இடம்பெற வேண்டும். கடனின் வட்டியை முடிவுசெய்யும்போது நலிவுக் குறியீட்டையும் பார்க்க வேண்டும். நம் கடனில் எடுக்கும் மணல் பவளத்தைக் கொல்லுமா என்று முன்கூட்டியே ஆராய வேண்டும். தூத்துக்குடியிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் நாடாளுமன்றத்துக்குப் போகிறவர்கள் இந்த மூன்றையும் அவையில் கேட்க வேண்டும். அவர்களைக் கேட்கவைப்பது நம் பொறுப்பு.